அலகில்லாத வரைபடம்
விளையாட்டு உளவியல் கல்வி: ஒரு மதிப்பீடு

பந்தயத்தில் வென்றவரைக் கேட்டால், "மன உறுதியால் வென்றேன்" என்கிறார். தோற்றவரைக் கேட்டால், "கடைசி நேரத்தில் பதறிவிட்டேன்" என்கிறார். இரண்டு விடைகளிலும் உடலைவிட மனத்துக்கே முதலிடம் தரப்படுகிறது. விளையாட்டில் மனத்தின் பங்கு என்ன, அதைப் பயிற்சியால் மாற்ற முடியுமா என்பவற்றை முறையாக ஆராயும் துறைக்கு விளையாட்டு உளவியல் என்று பெயர். உடற்பயிற்சியைத் தொடங்குவோர் ஏன் பாதியில் விட்டுவிடுகின்றனர், பயிற்சியால் மனச்சோர்வு குறையுமா என்பவை போன்ற வினாக்களை ஆராய்வது உடற்பயிற்சி உளவியல். இரண்டையும் சேர்த்து இன்று பல்கலைக் கழகங்களில் பாடமாகக் கற்பிக்கின்றனர்.

இப்பாடத்தில் சேரலாமா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. "வேலை கிடைக்குமா?" என்பது அவர்களின் முதல் கேள்வி. "இது அறிவியல்தானா?" என்பது இரண்டாவது. இரண்டாம் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் உளவியல் ஆசிரியன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே ஆய்வுக்கூடத்தில் மாணவரின் பதிவேட்டைத் திருத்துவது போலவே இத்துறையின் பாடங்களையும் படித்துப் பார்த்தேன். எதை அளந்தார்கள்? எந்தக் கருவியால் அளந்தார்கள்? பிழை எவ்வளவு? இம்மூன்றும்தான் என் கேள்விகள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டேன். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொம்மையார்பாளையம் போன்ற ஒரு மீனவர் ஊரிலிருந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவருக்கு இப்பாடம் எதைத் தரும்? அவர் நன்றாகக் கபடி ஆடுபவர் என்றும் வைத்துக்கொள்வோம். அவருக்குப் பயன்படாத பாடம் எவருக்கும் பெரிதாகப் பயன்படப் போவதில்லை.

முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இத்துறை கற்கத் தக்கது. ஆனால் பாடநூல்களில் அது சுருக்கித் தரப்படும் முறையில் பெரிய குறை இருக்கிறது. அக்குறை என்ன என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் பார்ப்போம்.

நம் நாட்டில் இப்பாடம்

உடற்கல்வி தமிழகத்துக்குப் புதிதன்று. 1920ல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1957ல் குவாலியரில் இலட்சுமிபாய் கல்லூரியும், 1961ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனமும் தோன்றின. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக் கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. அங்கு விளையாட்டு உளவியல் தனித் துறைப் பாடமாகவே இடம் பெற்றுள்ளது. இவை அன்றி, உடற்கல்வி ஆசிரியர் பட்டப் படிப்புகளிலும் உளவியல் ஒரு தாளாக இருக்கிறது. ஆகவே நம் ஊர்ப் பள்ளிகளில் ஊதுகுழலுடன் மைதானத்தில் நிற்கும் ஆசிரியர்கள் பலரும் இப்பாடத்தைச் சிறிதளவேனும் படித்தவர்களே. அவர்கள் எதைப் படித்தார்கள் என்பது நம் பிள்ளைகளைத் தொடும் செய்தியாகும்.

மிதிவண்டியும் நூல் உருளையும்

1898ல் அமெரிக்க நாட்டின் இந்தியானா பல்கலைக் கழகத்தில் நார்மன் டிரிப்லெட் செய்த ஆய்வே இத்துறையின் முதல் ஆய்வு என்று பாடநூல்கள் கூறுகின்றன. மிதிவண்டிப் பந்தயப் பதிவுகளை அவர் தொகுத்து ஆராய்ந்தார். தனியாக ஓட்டுபவரைவிட, முன்னே செல்லும் ஒரு வண்டியைத் தொடர்ந்து ஓட்டுபவரும், போட்டியில் ஓட்டுபவரும் வேகமாகச் செல்வதைக் கண்டார். "பிறர் உடனிருந்தால் ஆற்றல் பெருகும்" என்னும் ஒரு வரியாக இது பாடநூலில் சுருங்கிவிடுகிறது.

இயற்பியல் மாணவர் இங்கே கையை உயர்த்த வேண்டும். வேகமாகச் செல்லும் மிதிவண்டிக்குப் பெரும் தடை காற்று. காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. வேகத்தை 10 விழுக்காடு கூட்ட வேண்டுமானால், காற்றுக்காக மட்டும் 33 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். முன்னே ஒரு வண்டி சென்றால் அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. பின்னே வருபவருக்குத் தடை கணிசமாகக் குறைகிறது. ஆகவே வேகம் கூடியதற்குக் காரணம் மனமா, காற்றா?

டிரிப்லெட் இதை அறியாதவர் அல்லர். காற்றின் மறைப்பு, இழுவை முதலிய காரணங்களை அவரே வரிசைப்படுத்தி எழுதினார். காற்றின் குறுக்கீடு இல்லாத சோதனை வேண்டும் என்பதற்காகவே, சிறுவர்களை அறைக்குள் அமர்த்தித் தூண்டில் நூல் சுற்றும் உருளைகளைச் சுழற்றச் செய்தார். தனியாகவும், இருவர் இருவராகவும் சுழற்றியபோது ஆன நேரத்தை அளந்தார். 40 சிறுவர்களில் 20 பேர் போட்டியில் வேகமாகச் சுழற்றினர். 10 பேர் முன்னைவிட மெதுவாயினர். 10 பேரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2005ல் இதே எண்களை இன்றைய புள்ளியியல் முறைகளால் மீண்டும் ஆராய்ந்தபோது, போட்டியின் விளைவு மிகச் சிறியதாகவே தெரிந்தது.

இந்த ஆய்வின் உண்மைச் சிறப்பு அதன் முடிவில் இல்லை. ஒரு காரணத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்க அவர் செய்த முயற்சியில் இருக்கிறது. மெதுவாகிப்போன அந்தப் பத்துச் சிறுவர்களும் முக்கியமானவர்கள். "கூட்டம் பார்த்தால் நன்றாக ஆடுவான்" என்று எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பதற்கு அவர்களே சான்று. ஒரு வரிச் சுருக்கம் முதலில் விட்டுவிடுவது அவர்களைத்தான்.

எலியிலிருந்து வீரனுக்கு

இப்பாடத்தைப் படித்த எவரும் மறக்காத படம் ஒன்றுண்டு. கிடை அச்சில் 'கிளர்ச்சி' அல்லது 'பதற்றம்'. நிலை அச்சில் 'ஆட்டத் திறன்'. கோடு ஏறி, உச்சியை அடைந்து, பிறகு இறங்குகிறது. கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற வடிவம். மிகக் குறைந்த கிளர்ச்சியும் கேடு, மிக அதிகமும் கேடு, நடுவே ஓர் உகந்த அளவு உண்டு என்பது இதன் பொருள். யெர்க்ஸ்–டாட்சன் விதி என்று இதற்குப் பெயர்.

படத்தைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு அச்சுகளிலும் அலகு இல்லை. எண்ணும் இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு வரைபடத்தை மாணவர் கொண்டுவந்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது. கிளர்ச்சி எதனால் அளக்கப்பட்டது? நாடித் துடிப்பாலா, வியர்வையாலா, வினாத்தாளாலா? இவை மூன்றும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவன அல்ல. துப்பாக்கி சுடுபவர் நாடி தணிந்திருக்கும் கணத்தை நாடுகிறார். பளு தூக்குபவர் தம்மை உசுப்பிக்கொண்டு மேடை ஏறுகிறார். இருவருக்கும் பொதுவான ஒரு கிடை அச்சு எங்கே இருக்கிறது?

படத்தின் பிறப்பிடம் இன்னும் வியப்பானது. 1908ல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்னும் இருவர் சுண்டெலிகளைக் கொண்டு இச்சோதனையைச் செய்தனர். அவை 'நடன எலி' என்ற வகையைச் சேர்ந்தவை. உட்செவியில் உள்ள குறையால் சமநிலை தடுமாறிச் சுற்றிச் சுற்றி வருவன. வெள்ளைப் பெட்டி, கருப்புப் பெட்டி இரண்டில் வெள்ளையைத் தேர்ந்தெடுக்க அவற்றுக்குக் கற்பித்தனர். தவறான பெட்டியில் நுழைந்தால் மின்னதிர்ச்சி. அதிர்ச்சியின் வலிமையை மாற்றியபோது எலி எத்தனை முயற்சிகளில் பாடம் கற்கிறது என்று எண்ணினர். ஒவ்வோர் அதிர்ச்சி அளவுக்கும் பயன்பட்ட எலிகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. இரு பெட்டிகளையும் வேறுபடுத்தி அறிவது எளிதாக இருந்தபோது, அதிர்ச்சி கூடக் கூடக் கற்றலும் விரைந்தது. கவிழ்ந்த கிண்ணம் தோன்றவே இல்லை. வேறுபாடு கடினமானபோதுதான் நடுத்தர அதிர்ச்சி சிறந்ததாயிற்று.

அவர்கள் அளந்தது மின்னதிர்ச்சியையும் கற்கும் விரைவையும். கிளர்ச்சியை அவர்கள் அளக்கவில்லை; விளையாட்டைப் பற்றி எழுதவுமில்லை. 1950களில் டொனால்டு ஹெப் முதலியோர் 'கிளர்ச்சி' என்னும் கருத்தை முன்வைத்த பிறகே, எலியின் வரைபடம் மெல்ல மெல்ல மனிதனின் வரைபடமாயிற்று. பின்பு அது மைதானத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு கருத்து எலியிடம் தொடங்கியதாலேயே தவறாகிவிடாது. ஆனால் இந்த வரைபடம் எந்த முடிவு வந்தாலும் தப்பித்துக்கொள்கிறது. வீரர் நன்றாக ஆடினால், "கிளர்ச்சி உகந்த அளவில் இருந்தது" எனலாம். மோசமாக ஆடினால், "கூடிவிட்டது" என்றோ "குறைந்துவிட்டது" என்றோ சொல்லலாம். ஆட்டம் முடிந்த பிறகு எதையும் விளக்குகிறது. ஆட்டத்துக்கு முன் எதையும் சொல்லுவதில்லை. சோதிடத்திலிருந்து அறிவியலைப் பிரிப்பது இந்த இடம்தான்.

துறையில் உள்ளோரே இக்குறையை உணர்ந்து வேறு வழிகளைத் தேடியிருக்கின்றனர். யூரி ஹானின் என்னும் உளவியலார், எல்லாருக்கும் பொதுவான உகந்த அளவு இல்லை. ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனி உகந்த எல்லை உண்டு என்றார். அதை அறிய ஒரே வீரரைப் பல ஆட்டங்களில் தொடர்ந்து அளக்க வேண்டும். 1988ல் ஃபேசி, ஹார்டி என்போர் வேறொரு மாதிரியைத் தந்தனர். உடலின் கிளர்ச்சியோடு மனக்கவலையும் மிகுந்திருந்தால், திறன் படிப்படியாகக் குறையாமல் திடீரென்று சரியும். சரிந்த பின் கிளர்ச்சியைச் சற்றுக் குறைத்தாலும் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. காந்தப் புலத்தை நீக்கிய பிறகும் இரும்பில் காந்தம் தங்கிவிடுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஏறும் பாதை வேறு, இறங்கும் பாதை வேறு. இம்மாதிரி சரியா தவறா என்பதை அளந்து பார்க்க முடியும். நல்ல மாதிரிக்கு அதுவே இலக்கணம். கவிழ்ந்த கிண்ணத்தை மட்டும் வரைந்துவிட்டுப் பாடத்தை முடிப்பவர், இத்துறையின் சிறந்த பகுதியை மாணவருக்குக் காட்டாமலே விட்டுவிடுகிறார்.

பதற்றத்தைத் தமிழில் அளப்பது எப்படி?

பதற்றத்தை அளக்க இத்துறை பெரும்பாலும் வினாத்தாள்களையே நம்புகிறது. 1977ல் ரெய்னர் மார்ட்டன்ஸ் வெளியிட்ட போட்டிப் பதற்ற வினாத்தாள் நம் நாட்டு ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படுவது. அதில் 15 வாக்கியங்கள். 10 மட்டுமே மதிப்பெண்ணுக்கு உரியவை. ஏனைய ஐந்தும் நோக்கம் வெளிப்படாதிருக்கச் சேர்த்தவை. 'அரிதாக', 'சில வேளை', 'அடிக்கடி' என்று மூன்று விடைகள். மொத்தம் 10 முதல் 30 வரை வரும்.

வினாத்தாள் என்பதாலேயே இதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. வெப்பம் என்றால் என்ன என்று தெளிவாக அறிவதற்கு முன்பே வெப்பமானி வந்துவிட்டது. முதலில் இருந்தவை ஆளுக்கொரு அளவுகோல்தான். ஆனால் இரண்டு வெப்பமானிகளை ஒரே நீரில் வைத்து, இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத்தான் அக்கருவியை நம்பத் தொடங்கினார்கள். வினாத்தாளுக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழில் எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கவலை, பயம், பதற்றம், படபடப்பு, நடுக்கம் எல்லாம் வேறு வேறு. "அடிவயிறு கலங்குது" என்பவரும், "கை கால் ஓடல" என்பவரும், "தோத்துட்டா ஊர்ல என்ன சொல்வாங்களோ" என்பவரும் ஒரே நிலையில் இல்லை. முதல் இருவர் உடலின் மாற்றத்தைச் சொல்கின்றனர். மூன்றாமவர் எண்ணத்தைச் சொல்கிறார். உடல் சார்ந்த பதற்றம், எண்ணம் சார்ந்த பதற்றம் என்று பின்னர் வந்த வினாத்தாள்கள் பிரித்து அளப்பதும் இந்த வேறுபாட்டைத்தான். மக்கள் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் இந்தப் பாகுபாட்டைப் பயன்படுத்தித் தமிழிலேயே வினாத்தாள் அமைத்தால், அது மொழிபெயர்ப்பைவிட நுட்பமாக இருக்கக்கூடும்.

ஆங்கில வினாத்தாளை அப்படியே கையில் கொடுத்துவிட்டு, புரியாத இடத்தில் ஆசிரியர் வாயால் விளக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விளக்கம் போய்ச் சேரும். அளவுகோலையே ஆளுக்கு ஆள் நீட்டிச் சுருக்கியது போலாகும். முறையான வழி உண்டு. தமிழாக்கத்தை இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிட வேண்டும். சில வாரம் கழித்து அதே மாணவர்களிடம் மறுபடி கேட்டு எண்கள் ஒத்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நம் மாணவரின் சராசரியை நாமே கணக்கிட வேண்டும். இவை செய்யப்படாத இடத்தில் '24க்கு மேல் என்றால் மிகு பதற்றம்' என்று ஓர் இளைஞர்மீது முத்திரை குத்துவது நியாயமாகாது. அணித் தேர்வும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும், வேலையும் அம்முத்திரையால் கை நழுவலாம்.

எண்களைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். மாணவரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி தந்து, பத்து வகை மனப் பண்புகளை முன்னும் பின்னும் அளப்பது ஆய்வேடுகளில் வழக்கமான ஓர் அமைப்பு. 100க்கு 5 தடவை தற்செயலாக நேரக்கூடிய வேறுபாட்டை 'குறிப்பிடத் தக்கது' என்று ஏற்பது மரபு. பத்துப் பண்புகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், பயிற்சியால் ஒரு பயனும் இல்லாதபோதும் ஏதாவது ஒன்றிலாவது 'பயன்' தெரிவதற்கான நிகழ்தகவு சுமார் 40 விழுக்காடு. 0.95ஐப் பத்து முறை பெருக்கி 1லிருந்து கழித்துப் பாருங்கள். அன்றியும், பயிற்சி பெற்ற குழுவுக்குத் தாங்கள் பயிற்சி பெற்றது தெரியும். நன்மை நேரும் என்ற எதிர்பார்ப்பே விடைகளை மாற்றிவிடும்.

ஒரு வெற்றி, ஒரே ஓர் அளவீடு

உளப் பயிற்சிக்குச் சான்றாகப் பெரிய வெற்றிகளைக் காட்டுவது வழக்கம். 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளிகள் பெற்று, இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றார். இரண்டாம் இடம் பெற்ற சீன வீரரின் புள்ளிகள் 699.7. வேறுபாடு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய இடைவெளியில் மனத்துக்குப் பங்கு இருக்கும் என்பதை எவரும் ஏற்பர்.

ஆனால் எந்தப் பயிற்சி அந்த 0.8 புள்ளியைத் தந்தது? மூளை அலைகளைத் திரையில் பார்த்து அடக்கும் பயிற்சி, அச்சத்தை வெல்ல உயரமான கம்பத்தில் ஏறுதல், கவனம் கூடும் என்று கேள்விப்பட்டு யாக் மாட்டுப் பால் குடித்தது என்று தாம் முயன்ற பலவற்றை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பத்துக் காரணிகளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒரே ஓர் அளவீட்டை எடுத்தால், எது காரணம் என்று எந்த ஆய்வுக்கூடத்திலும் சொல்ல முடியாது. அவர் குறிப்பிடும் இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். 2004ல் ஏதென்சில் இறுதிச் சுற்றில் அவர் ஏழாம் இடத்துக்கு இறங்கினார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது பின்னரே தெரியவந்ததாம். மனம் உடைந்தது என்று முடிவு கட்டுமுன் காலடியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சென்னையின் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 7.5–6.5 என்ற கணக்கில் வென்று, 18 வயதில் உலகச் சதுரங்க வீரரானார். முதல் ஆட்டத்தில் தோற்று, பின் மீண்டு வந்த வெற்றி அது. அவருக்கு மனப் பயிற்சி தந்தவர் பாடி அப்டன். 2011ல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடும் பணியாற்றியவர். இவை மகிழத் தக்க செய்திகள். ஆனால் இதே போன்ற பயிற்சி பெற்றுத் தோற்றவர் எத்தனை பேர் என்று தெரியாதவரை, இவை சான்றாக மாட்டா. தோற்றவரைப் பற்றி எவரும் நூல் எழுதுவதில்லை.

இதே கணக்குப் பிழை நம் பள்ளி மைதானங்களில் தினந்தோறும் நடக்கிறது. "பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், திட்டினால்தான் ஒழுங்காக ஆடுகிறான்" என்று சொல்லாத பயிற்சியாளர் குறைவு. பின்னர் 2002ல் பொருளியல் நோபெல் பரிசு பெற்ற உளவியலார் டானியல் கானிமன், இஸ்ரேல் விமானப் படைப் பயிற்சியாளர்களிடம் இதே பேச்சைக் கேட்டார். அதற்கு அவர் கண்ட விளக்கம் எளிது. எந்த ஆட்டத்திலும் திறமையோடு தற்செயலும் கலந்திருக்கிறது. மிக நன்றாக ஆடிய நாளில் தற்செயலும் துணை நின்றிருக்கும். மறுநாள் அந்தத் துணை இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஆட்டம் சராசரியை நோக்கி இறங்குகிறது. மோசமான நாளுக்குப் பிறகு அதே காரணத்தால் ஏறுகிறது. பாராட்டுக்கும் திட்டுக்கும் இதில் பங்கே இல்லாமலும் இருக்கலாம்.

வகுப்பில் செய்து பாருங்கள். முப்பது பேர் ஆளுக்கு இரண்டு பகடை உருட்டட்டும். அதிக எண் பெற்ற ஐவரைப் பாராட்டுங்கள். குறைந்த எண் பெற்ற ஐவரை நன்றாகத் திட்டுங்கள். மறுபடி உருட்டச் சொல்லுங்கள். பாராட்டுப் பெற்றவர்களின் சராசரி இறங்கியிருக்கும். திட்டு வாங்கியவர்களின் சராசரி ஏறியிருக்கும். பகடைக்கு மானமும் இல்லை, பயமும் இல்லை. இந்த ஒரு பாடத்தை உடற்கல்வி மாணவர் ஒவ்வொருவரும் கையால் செய்து உணர்ந்தால், எத்தனையோ பிள்ளைகள் அவமானத்திலிருந்து தப்புவார்கள்.

மணலும் மனமும்

இனி நாம் மனத்தில் வைத்துக்கொண்ட பொம்மையார்பாளையத்து மாணவரிடம் வருவோம். அவர் காலைப் பயிற்சிக்குச் சரியாக வருவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சாதனை ஊக்கம்' பற்றிய வினாத்தாளில் அவருக்குக் குறைந்த எண் வருகிறது. பாடநூல் முறைப்படி அவருக்கு ஊக்கம் போதாது. அவர் விடியற்காலை மூன்று மணிக்குத் தந்தையோடு படகில் கடலுக்குப் போய் வருபவர் என்பதற்கு அவ்வினாத்தாளில் இடமில்லை. தூக்கம் குறைந்த உடலின் சோர்வை மனத்தின் சோர்வாக அளந்துவிடுகிறோம்.

ஆடும் இடத்தையும் பாருங்கள். புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980களின் பிற்பகுதியில் கடலுக்குள் கல் அணைகள் கட்டப்பட்ட பிறகு, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. வடக்கே உள்ள மீனவர் ஊர்களின் கரையைக் கடல் அரித்து வருகிறது. பொம்மையார்பாளையமும் அவற்றுள் ஒன்று. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மணல் போதாத கரையில், கபடிக்கும் கைப்பந்துக்கும் எஞ்சும் இடம் எவ்வளவு? பெண் பிள்ளைகளுக்கு அதிலும் எவ்வளவு? விளையாட்டை இடையில் விடுவோரின் 'மனத் தடைகளை' பட்டியலிடுமுன், ஆடுகளத்தின் பரப்பை நாடாவால் அளப்பது நல்லது.

அங்கிருந்து வடக்கே மரக்காணம் சென்றால் உப்பளங்கள். வெயில் ஏறுமுன் வேலையில் இறங்கி, பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் இழுத்துக் குவித்துச் சுமப்போரிடம், "வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். ஏட்டில் அவர் 'செயலற்ற வாழ்க்கையர்' ஆகிவிடுவார். உலக நல நிறுவனத்தின் வினாத்தாள் ஒன்று, வேலை, போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று மூன்று வகையாக உடலுழைப்பைக் கேட்கிறது. அதை எடுத்துக்கொண்டால் இப்பிழை பெரிதும் நீங்கும். பூங்காவில் நடப்பவரை மட்டும் கண்ணில் வைத்து எழுதிய உடற்பயிற்சி உளவியல், உப்பளத் தொழிலாளரின் தோள்வலியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

"எங்கள் கல்லூரியில் கருவிகள் இல்லையே" என்று சொல்ல வேண்டாம். டிரிப்லெட்டின் சோதனையை இந்தக் கடற்கரையிலேயே செய்யலாம். 50 மீட்டர் தொலைவைத் தனியாகவும், ஒருவரோடு போட்டியாகவும் ஓடச் செய்து நேரம் குறியுங்கள். அலையோரத்து ஈர மணல் இறுகியது. மேட்டு மணல் காலை வாங்கும். ஆகவே எல்லா ஓட்டமும் ஒரே தடத்தில் நடக்கட்டும். பாதிப் பேர் முதலில் தனியாகவும், பாதிப் பேர் முதலில் போட்டியாகவும் ஓடட்டும். இல்லாவிட்டால் களைப்பும் பழக்கமும் கலந்துவிடும். காற்று எத்திசையில் வீசுகிறது என்று எழுதி வையுங்கள். நேரம் குறிப்பவருக்குச் சோதனையின் நோக்கம் தெரிய வேண்டாம்.

பிழையையும் மறவாதீர்கள். கையால் அழுத்தும் கடிகாரத்தில் மனிதரின் தாமதம் ஏறத்தாழ 0.2 வினாடி. 100 மீட்டர் ஓட்டத்தில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டும் வழக்கம் இதனால்தான். ஓட்டத்துக்கு ஓட்டம் 0.2 வினாடி முன்பின்னாக வருமானால், சராசரியை 0.02 வினாடி நுட்பத்தில் அறிய 100 ஓட்டங்கள் வேண்டும். பிழை, எண்ணிக்கையின் வர்க்க மூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. இதைச் செய்து முடிக்கும் மாணவர், மனத்தைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை நூறு பக்கம் படிப்பதைவிட நன்றாக உணர்வார்.

சேருமுன் கேளுங்கள்

இப்பாடத்தில் சேர விரும்பும் மாணவர், சேருமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். பாடத்தில் புள்ளியியல் உண்டா, அது செய்முறையோடு கற்பிக்கப்படுகிறதா? மாணவர் தாமே அளந்து பார்க்கும் சோதனைகள் உண்டா? பயன்படுத்தும் வினாத்தாள்கள் தமிழ் பேசும் வீரரிடம் சோதிக்கப்பட்டவையா? உடலியலும் இயக்கவியலும் கூடவே கற்பிக்கப்படுகின்றனவா? ஒரு வீரருக்கு உண்மையான மனநோய் இருக்குமானால், அவரை எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறதா? ஊக்கப் பேச்சைக் கற்றவர் மருத்துவர் ஆகிவிட மாட்டார் என்பதை அப்பாடமே சொல்லித் தர வேண்டும்.

இவற்றுக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். நம் மொழியில், நம் கரையில், நம் பிள்ளைகளைக் கொண்டு அளக்க வேண்டியவை ஏராளமாக உள்ளன. அவ்வேலை இன்னும் பெரும்பாலும் தொடங்கப்படவே இல்லை. 'இல்லை' என்ற விடை கிடைத்தாலும் சேரலாம், ஆனால் முதல் நாள் வகுப்பில் அந்தக் கவிழ்ந்த கிண்ணம் கரும்பலகையில் தோன்றும்போது, எழுந்து நின்று பணிவோடு ஒன்று கேளுங்கள்: "ஐயா, கிடை அச்சின் அலகு என்ன?"